பொட்டு வைத்த லாக்

என் வீட்டுக்காரருக்குப் பக்தி ஜாஸ்தி. தொண்ணூறுகளில் நாங்கள் டி.டி.பி. கடை வைத்திருந்தோம். ஆயுத பூஜை வந்தால் கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் எதையும் விடமாட்டார், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஒரு வருஷம் லாக்கையும் கழற்றினார். எது முகம், எது முதுகு என்று தெரியாமல், ஊசி ஊசியாக இருந்த பக்கத்திலேயே அப்பிவிட்டார்.

லாக் என்றால் கதவுப் பூட்டு இல்லை. தமிழ் டைப் அடிக்கும் சாஃப்ட்வேரோடு தீப்பெட்டி அளவில் ஒன்று கொடுப்பார்கள். அதைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். பூஜை முடிந்து சொருகினேன். துடைத்தேன், ஊதினேன், கெஞ்சினேன். ம்ஹூம். உள்ளே என் நாத்தனாரின் கல்யாணப் பத்திரிகை, பிரிண்ட் எடுத்து அச்சுக்கு அனுப்புவது மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை முதல் பத்திரிகையை அண்ணாமலையார் பாதத்தில் வைக்க வேண்டும் என்று மாமியார் உத்தரவு.

சாஃப்ட்வேர் விற்ற சென்னைக் கம்பெனிக்கு எஸ்.டி.டி. போட்டேன்.

"கம்ப்யூட்டர் என்னுது, டைப் அடிச்சது நானு. தொறக்க மட்டும் ஒங்க பர்மிஷனா?"

"கம்ப்யூட்டர் ஒங்களுதுதான் மேடம். சாஃப்ட்வேர் எங்களுது. யூஸ் பண்ணத்தான் குடுத்திருக்கோம். பழைய லாக்க அனுப்புங்க, பாத்துட்டு வேற அனுப்பறோம். ஆயுத பூஜை முடிஞ்சா எங்களுக்கு இதே பொழப்புதான்."

லாக் சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குள் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

எதிர்க்கடைக்காரரிடமும் அதே சாஃப்ட்வேர். எங்கள் வாடிக்கையைக் கொத்திக்கொண்டு போகிற மனுஷன். வேறு வழி? போய்க் கேட்டேன். லாக்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவரே வந்தார்.

"யாருக்கும் குடுக்கக் கூடாதுனு கம்பெனி கண்டிஷன். அதனால நான் குடுக்கல, கூடவே ஒக்காந்திருக்கேன். ஒண்ணு தங்கச்சி, என் லாக்குல எடுத்தா அடியில என் கடை பேர்தான் வரணும்."

எங்கள் ஊரில் முகூர்த்த நேரத்தைப் பார்க்காதவர்கள்கூடப் பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் கடைப் பெயரைப் பார்ப்பார்கள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, என் கடைப் பெயரை நானே அழித்து, அவர் கடைப் பெயரை நானே அடித்தேன். பத்திரிகை வெள்ளிக்கிழமை சாமி பாதத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கல்யாண மண்டபத்தில் வேங்கிக்கால் சித்தி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, கடைய மூடிட்டீங்களா? சொல்லவே இல்ல!"

"அத இவரக் கேளுங்க சித்தி" என்று என் வீட்டுக்காரரைக் காட்டினேன்.

நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக, அவர் பந்தி பார்க்கப் போய்விட்டார்.