கேமராவுக்கு ஒரு பொட்டு

அம்சா அக்காவின் நெற்றிக் குங்குமம் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும். அதைவிடச் சின்னதாக வைத்தால் தலை வலிக்கும் என்பார். எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் அவரிடம் யார் வாயைக் கொடுப்பது?

மயிலம் சாலையில் ஒரு பழைய கன்டெய்னர் பெட்டிக்குள் மண்ணே இல்லாமல் லெட்டூஸ் கீரையும் தக்காளியும் வளர்க்கிறார்கள். விளக்கு, தண்ணீர், உரம் எல்லாம் கம்ப்யூட்டர் பொறுப்பு. உள்ளே ஏசி. முப்பது வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த அக்காவுக்கு அந்த ஏசிதான் சொர்க்கம். முதலாளி மணிமாறன் பெங்களூரில் உட்கார்ந்து போனிலேயே விவசாயம் பார்க்கிறவர். மூன்று மாதம் பார்ப்போம், பயிர் நன்றாக வந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. அக்கா மோட்டாருக்கும் உரத் தொட்டிக்கும் ஏசிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். செடிகளைக் கண்காணிக்கும் கேமராவையும் விட மனசு வரவில்லை. அதன் கண்ணாடியிலேயே தன் அளவுக்கு ஒன்று அப்பினார்.

கேமராவுக்கு உலகமே சிவந்துபோனது. இலைக்கெல்லாம் நோய் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி, தண்ணீரை நிறுத்திவிட்டு மணிமாறனுக்குச் செய்தி அனுப்பியது. அவர் பதறிப்போய் போன் செய்தார்.

“அக்கா, எல்லாம் போச்சா?”

“இன்னா போச்சு? பச்சப்பசேல்னு நின்னுக்கினு இருக்குது தம்பி.”

“எனக்குச் செவப்பா தெரியுது. கேமராவத் தொடைங்க.”

“பூஜ போட்ட பொருளு. நாளைக்கு மறுபூஜ ஆவாம கை வெக்கக் கூடாது.”

“அதுக்குள்ள செடி வாடிடும். அப்பறம் வேலையப் பத்தி நான் இன்னா சொல்றது?”

அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு ஒவ்வொரு செடிக்கும் ஊற்ற ஆரம்பித்தார். மொத்தம் நானூறு செடி. நாற்பதாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. முருகா என்று நிமிர்ந்தவர், சுவரிலிருந்த முருகன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, சாமிக்கே நெத்தியிலதான் பொட்டு. கண்ணுல யாரும் வெக்கறதில்ல. தப்பு என்னுதுதான்.”

ஸ்டூலில் ஏறி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு விரல் மேலே புதுப் பொட்டு வைத்தார். சுத்தமாகிவிட்டதா என்று கேமராவுக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். தண்ணீர் ஓட ஆரம்பித்தது. மணிமாறனுக்கு அடுத்த செய்தி வந்தது: நோய் இல்லை. தக்காளி ஒன்று நன்றாகப் பழுத்திருக்கிறது, உடனே பறிக்கவும்.

கூடவே வந்த படத்தில் அக்காவின் நெற்றி மட்டும் இருந்தது. மணிமாறன் சிரித்து ஓயக் கொஞ்ச நேரமானது.

“அக்கா, கம்ப்யூட்டரு உங்களப் பறிச்சிடச் சொல்லுது.”

“பறிச்சிடுவியா தம்பி?”

“வேணாங்க்கா. இந்தப் பழம் நெரந்தரமா ஏசியிலயே இருக்கட்டும்.”