திரும்பி வளரும் நகம்

புதைத்து மூன்று வருஷம் கழித்துத் தோண்டி எடுத்து, எலும்பைக் கழுவிச் சிறு பெட்டியில் அடக்கிவிட்டால் செத்தவர் அலையமாட்டார். நாம்தின் வட்டாரக் கிராமங்களில் அந்த எலும்புகளைக் கழுவுவது கியெமின் வேலை. போன வாரம் தன் மனைவி ஹுவேயின் எலும்புகளையும் அவரே கழுவினார். அதன்பின் வீட்டில் அவள் நடமாட்டம் நின்றுவிட்டது.

மிஞ்சியது கால் பெருவிரல் வலிதான். சாகும் முன் அவள் கடைசியாக வெட்டிவிட்டதிலிருந்து நகம் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"யார் பெரியப்பா இப்படி மூலையைக் குடைஞ்சது?" என்றாள், ஆஸ்பத்திரியில் விரலைப் பார்த்த டாக்டர் லாம்.

"பொண்டாட்டி."

"அவங்களுக்கு உங்க மேல என்ன கோபமோ!" சிரித்துவிட்டு விளக்கினாள். "முழு நகத்தையும் பிடுங்கலாம். ஆனா வளர்ந்து மறுபடி குத்தும். இல்லேன்னா ஓரத்தை மட்டும் வெட்டி, வேரை மருந்து வச்சுக் கருக்கிடலாம். சில வாரம் நீர் கசியும். அப்புறம் அநேகமா தொல்லையே இருக்காது. என்னைக் கேட்டா அதுதான் நல்லது."

கியெம் விரலை அழுத்திப் பார்த்தார். சுருக்கென்றது. ஹுவே அவரைக் கூப்பிடும் குரலும் அப்படித்தான் இருக்கும்.

"பிடுங்கிடும்மா."

"திரும்பி வருமே, பெரியப்பா!"

"எத்தனை மாசத்துல வரும்?" என்று கேட்டார் கியெம்.