தேசிக்காய் தேய்த்த கைகள்

பாதியாக வெட்டிய தேசிக்காயின் மணம் மற்றவர்களுக்குச் சொதியையோ சர்பத்தையோ நினைவூட்டக்கூடும். எனக்கு அது குளத்து மீனின் "வெடுக்கு" என்கிற கவிச்சு மணத்தைத்தான் நினைவூட்டும். என் ஒன்பதாம், பத்தாம் வயதுகளில், விடிந்தும் விடியாத நேரத்தில் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நின்று, அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளிலும் நான்தான் தேசிக்காய் பிழிந்துவிடுவேன். நகக்கண் எரிய எரிய அவர் தேய்ப்பார். தானே முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்குக் கிட்டவும் நீட்டி, "இப்ப போயிட்டுதோ பிள்ளை?" என்று கேட்பார். போயிருக்காது. ஆனாலும் "ஓம் அப்பா" என்று சொல்லிவிடுவேன்.

நாங்கள் சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டக்காரர். எங்கள் குடும்பத்தில் மீன் தின்னாதவர்கள் வெள்ளிக்கிழமையில் மட்டுந்தான் உண்டு; ஆனால் மீன் பிடித்தவர் என்று ஒருவரும் இல்லை, பிடிப்பது வேறு ஆட்களின் வேலை என்று அதற்கு ஒரு கோடு கீறி வைத்திருந்தார்கள். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, மூன்று நான்கு இடம் மாறி, கடைசியில் ஓர் ஆவணி மாதத்தில் வன்னிக்குள் அந்தப் பெரிய குளத்தின் ஓரமாகக் கொட்டில் போட்டபோது, தோட்டம் செய்யக் காணியும் இல்லை, கையில் வேறு தொழிலும் இல்லை. தண்ணீர் வற்றிக் கிடந்த குளத்துத் தரையில் பட்ட மரங்களைத் தறித்து, விறகு விற்றுத்தான் அப்பா எங்களுக்கு முதல் மூன்று மாதம் கஞ்சி ஊற்றினார்.

சூசை மாமா குருநகர்க்காரர், கடலில் மீன் பிடித்தவர். அவரும் இடம்பெயர்ந்தவர்தான். உடுபுடவையை விட்டுவிட்டு வலையைக் கட்டிக்கொண்டு வந்த மனிதர் என்று அவருடைய மனைவி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டினார். கார்த்திகை மழைக்குக் குளம் நிரம்பியதும், ஊரவர் ஒருவரின் பழைய வள்ளத்தை இரவல் வாங்கிக்கொண்டு, கடலைக் கண்டவனுக்குக் குளம் என்ன பெரிய காரியம் என்ற நினைப்பில் வலையை விரித்தார். முதல் நாளே வலை நாலு இடத்தில் கிழிந்து வந்தது. கரையில் குந்தியிருந்து அவர் அதைப் பார்த்துப் பார்த்து ஏசிக்கொண்டிருக்க, அப்பா மெல்லப் போய்ச் சொன்னாராம்:

"அண்ணை, அந்த இடத்திலை ரண்டு பாலைக் கட்டையள் நிக்குது. நான்தான் தறிச்சனான்."

"அப்ப நீர்தான் என்ரை வலையைக் கிழிச்சிருக்கிறீர்! எந்தக் கட்டை எங்கை நிக்குதெண்டு தெரிஞ்ச ஆள் கரையிலை நிண்டு என்ன செய்யிறீர்? ஏறும் வள்ளத்திலை."

அப்படித்தான் அப்பா மீன்பிடிக்கப் போனார். சூசை மாமாவுக்கு வலையும் காற்றும் தெரியும். அப்பாவுக்குத் தண்ணீருக்கு அடியில் கிடந்த தரை தெரியும். எந்த இடம் மேடு, எங்கே பள்ளம், எந்த மரத்தின் வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று, தன் தோட்டத்து வரம்புகளைச் சொல்வதுபோல் கையை நீட்டி நீட்டிச் சொல்வார். சூசை மாமா அப்பாவைக் "கமக்காரர்" என்று கூப்பிட, அப்பா பதிலுக்குச் "சம்மாட்டி" என்பார். சொந்தமாக ஒரு தோணியும் இல்லாதவரைத் தோணி முதலாளி என்று அழைப்பதில் அப்பாவுக்கு ஒரு சந்தோஷம். நிலமே இல்லாமல் நின்றவரை விவசாயி என்று அழைப்பதில் சூசை மாமாவுக்கும்.

குளத்துக்கும் பருவங்கள் இருந்தன. மார்கழியில் வான் பாயும்போது, அதாவது குளம் நிறைந்து மேலதிக நீர் கதவுகளால் கொட்டும்போது, எதிர்நீரில் மீன் துள்ளும். சனம் கூடை, உடுத்த சாரம் என்று கையில் அகப்பட்டதோடு ஓடும். தை, மாசியில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் வள்ளம் ஆடுகிற ஆட்டத்தில், அப்பா பிள்ளையாரையும் சூசை மாமா அந்தோனியாரையும் கூப்பிட்டுக்கொண்டு கரைக்கு வருவார்கள். ஆவணியில் நீர் வற்ற வற்ற மீனெல்லாம் பள்ளங்களில் ஒதுங்கும். "ஜப்பான் மீன்" என்று சொல்லப்படுகிற அகலமான மீன்தான் பெரும்பாலும். சேற்று மணம் என்று முதலில் மூக்கைச் சுளித்த அம்மா, உப்பும் புளியும் போட்டு உரஞ்சிக் கழுவி, பொரித்து, குழம்பாக்கி, மூன்று வருடமும் எங்களை அந்த மீனில்தான் வளர்த்தா. அந்த நாட்களில் எங்கள் கொட்டிலில் ஒரு பிள்ளையும் பசியோடு படுக்கவில்லை.

ஆனால் தேசிக்காயை மட்டும் நாங்கள் விடவில்லை. சண்டிலிப்பாய் ஊரவர் யாராவது கண்டுவிடுவார்களோ, நாளைக்குத் திரும்பிப் போனால் அக்காவுக்குச் சம்பந்தம் பேசும்போது இது வந்து நிற்குமோ என்று அம்மாவுக்குப் பயம். ஒருநாள் அது நடக்கப் பார்த்தது. வள்ளம் கரையை நெருங்குகிற நேரம், எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சைக்கிளில் குளக்கட்டால் வந்தார். கையில் தேசிக்காயோடு நின்ற நான் பார்த்துக்கொண்டிருக்கவே, அப்பா வள்ளத்திலிருந்து மெல்ல நழுவித் தண்ணீருக்குள் இறங்கி, ஒரு பட்ட மரத்துக்குப் பின்னால் கழுத்தளவு நீரில் குந்திக்கொண்டார். வந்தவர் சைக்கிளை நிறுத்தி, "தனியவோ தொழில்?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, தனியத்தான்" என்றார் சூசை மாமா.

அவர் போனபிறகு அப்பா நீர் சொட்டச் சொட்ட மேலே ஏறினார். சூசை மாமா ஏசவில்லை. ஆனால் அன்று முழுக்கக் "கமக்காரர்" என்று கூப்பிடவுமில்லை. நான் நீட்டிய தேசிக்காயை அப்பா வாங்கினார், தேய்த்தார், முகர்ந்து பார்க்கவில்லை.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து சண்டிலிப்பாய்க்குத் திரும்பியதும் அம்மா எங்களை இருத்தி வைத்துச் சொன்னா: "அப்பா அங்கை தோட்டம் செய்தவர். விளங்கிச்சோ?" விளங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னோம். அப்பா பக்கத்தில் நின்றால் வேறு எங்காவது பார்ப்பார்.

அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில், விறாந்தையில் மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் இருக்க, நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றேன். படலையில் சைக்கிள் மணி கேட்டது. குருநகருக்குத் திரும்பியிருந்த சூசை மாமா, கைபிடியில் மீன் நிறைந்த உமல் என்கிற ஓலைப்பை ஒன்று தொங்க, முகமெல்லாம் சிரிப்போடு நின்றார். பட்டுச் சேலையையும் பலகாரத் தட்டையும் கண்டதும் அந்தச் சிரிப்பு அடங்கியது. நாங்கள் யார், அவர் யார், அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது.

"மீன் வேணுமோ ஐயா?" என்று, முன்பின் தெரியாத வியாபாரிபோலக் கேட்டார்.

"இண்டைக்கு வேண்டாம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும்; அவர் போயிருப்பார். உள்ளே அம்மா அந்தச் சொல்லுக்காகக் கதவோரம் காத்து நின்றா. அப்பா எழும்பினார். போய்ப் படலையைத் திறந்தார். மீன் ஈரத்தோடிருந்த அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, தான் இருந்த கதிரையில் இருத்தினார்.

"இவர் சூசை. நானும் இவரும் வன்னியிலை மூண்டு வருசம் ஒரே வள்ளத்திலை மீன் பிடிச்சனாங்கள். என்ரை பிள்ளையள் அந்த மீனிலைதான் வளந்தவை."

தாய்மாமன் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்தார். "யோசிச்சுச் சொல்லி அனுப்பிறம்" என்றார்கள், இன்றுவரை யோசிக்கிறார்கள். சூசை மாமா, "கமக்காரர், ஏன் உந்த வேலை பாத்தனீர்?" என்று கண் கலங்கக் கேட்டார். அம்மா உமலை வாங்கிக்கொண்டு போய்ச் சமைத்தா. அவரை இருத்தி வைத்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறினா. அதன்பிறகு நாலு நாள் அப்பாவோடு கதைக்கவில்லை. அக்கா இப்போது காங்கேசன்துறையில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறா. அந்தக் கதை வந்தால், "அப்பா அண்டைக்கு வாயை மூடியிருந்தால், நான் உவையின்ரை வீட்டிலை காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேணும்" என்று சொல்லிச் சிரிப்பா. அப்பா எனக்குச் செய்த எத்தனையோ நன்மைகளில், அன்று படலையைத் திறந்ததைத்தான் நான் முதலில் வைப்பேன்.

சூசை மாமா இப்போது இல்லை. அந்த வள்ளமும் எங்கே உக்கிப்போனதோ தெரியாது. வன்னிக் குளத்து மீன் இப்போது ஐஸ் பெட்டியில், மோட்டார் சைக்கிளில், எங்கள் வாசலுக்கே வருகிறது. போன கிழமை மீன் கொண்டுவருகிற பெடியன் வந்து கூப்பிட, பக்கத்து வீட்டார் "குளத்து மீனோ, சீ" என்று திரும்பிப் போனார்கள். எண்பதை நெருங்கும் அப்பா உள்ளேயிருந்து, தெருவே கேட்கிற குரலில், "எங்கடை வீட்டுக்கு ரண்டு கிலோ போடு தம்பி" என்றார். வெட்டுவதற்கு என்னை விடவில்லை. கிணற்றடியில் தானே குந்தி, செதில் உரித்து, வெட்டிக் கழுவித் தந்தார். பழைய பழக்கத்தில் நான் ஒரு தேசிக்காயைப் பாதியாக வெட்டிக்கொண்டு போய் நீட்டினேன்.

அப்பா தன் கையை முகர்ந்து பார்த்தார். திரும்பவும் ஒருமுறை, ஆறுதலாக, முகர்ந்தார்.

"இருக்கட்டும் பிள்ளை" என்றார்.