தாயன்பு என்று பெயர் வைத்த படம்

அண்ணன் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் இன்னும் மாட்டியிருக்கிறது. ஓர் ஆள்காட்டிக் குருவி இறக்கையை விரித்து, வாயைத் திறந்தபடி தன் குஞ்சை நோக்கி ஓடிவருகிறது. கீழே ‘தாயன்பு’ என்று சின்ன மாமா தன் கையால் எழுதியிருக்கிறார். போன ஞாயிறு அண்ணனின் சம்பந்தி வீட்டார் அதன் முன்னால் நின்று, “இன்னா பாசம் பாருங்க” என்று உருகினார்கள். காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தப் பறவை பாசம் காட்டவில்லை. எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தோம். சின்ன மாமா, அம்மாவின் தம்பி, அலுவலகப் போட்டிக்காக யாரிடமோ கேமரா இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பெரும்பாக்கம் ஏரியில் பறவைகளைக் கிட்டத்தில் எடுக்கப் போவதாகச் சொன்னார். தங்கை குதித்தாள்.

“மாமா, நானும் வரேன் மாமா!”

“நீ வந்தா ஏரியே காலியாயிடும். வாயா அது, லவுட் ஸ்பீக்கரு! இந்த ஊமைக்கோட்டான் வரட்டும்” என்று என் தலையில் தட்டினார்.

விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற என்னை ஒருவர் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. தையல் மெஷினிலிருந்து கறுப்பு நூல்கண்டு கேட்டார். எதற்கென்று கேட்காமல், அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன்.

ஏரி பாதி வற்றியிருந்தது. ஆள்காட்டி தரையில் குஞ்சு பொரிக்கும் பறவை. ஆளைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டும். எங்களைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டது. குஞ்சு சரளைக்கு நடுவே இன்னொரு கல்லாகப் படுத்திருந்தது. மாமா அதைத் தூக்கி, காலில் நூலை முடிந்தார். மறுமுனையை என் விரலில் சுற்றி, என்னைப் புதருக்குப் பின்னால் படுக்கவைத்தார்.

“ஓடினா இழு. அவ்ளோதான். அம்மாக்காரி தானா வருவா.”

குஞ்சு ஓடியது. இழுத்தேன். விழுந்தது. எழுந்து மறுபடி ஓடியது. மறுபடி இழுத்தேன். அதன் உதறல் நூல் வழியாக என் விரலுக்கு வந்தது. தாய் எங்கள் தலைமேல் பாய்ந்து பாய்ந்து கத்திவிட்டு, கடைசியில் இறங்கி கேமராவுக்கு முன்னால் ஓடிவந்தது. பிலிம் தீரும்வரை மாமா எடுத்தார்.

கிளம்பும்போது நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். முடிச்சும் ஒரு முழ நூலும் காலோடு அப்படியே இருந்தன. குஞ்சு அதை இழுத்துக்கொண்டு முள்ளுக்குள் ஓடி, சிக்கி நின்றது.

“மாமா, நூலு...” என்றேன். அன்று முழுவதும் நான் பேசியது அதுதான்.

“அதுவே அவுந்துடும். வா, பஸ்ஸு போயிடும்.”

தாய் கத்துவது ரோடு வரைக்கும் கேட்டது.

படத்துக்கு முதல் பரிசு. “எப்படி மாப்ள இவ்ளோ கிட்ட வந்துச்சு?” என்று அப்பா கேட்டார்.

“பொறுமை மச்சான். மூணு மணி நேரம் மூச்சுவிடாம படுத்துகினு இருந்தேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நூல் அறுத்த கோடு விரலில் நாலு நாள் இருந்தது. பறவை மிரளக் கூடாதென்றுதான் வாய் திறக்காத என்னை மாமா கூட்டிப்போனார் என்று அந்த நாலு நாளும் பெருமையாகத் திரிந்தேன். பறவைதான் முதலிலிருந்தே கத்திக்கொண்டிருந்ததே. வாய் திறக்காத ஒருத்தி அவருக்கு எதற்குத் தேவைப்பட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.