பிரிஸ்பேன் பாம்புக்கு வெஸ்ட்கேட்டிலிருந்து ஊட்டிய கதை

ஏன் நியூசிலாந்துக்கு வந்தீர்கள் என்று கேதீஸ்வரனைக் கேட்டால், வேறு எதையும் சொல்லமாட்டார். "இஞ்ச பாம்பு இல்லை" என்பார். கனடாவுக்குப் போக வழி இருந்தது. ஆஸ்திரேலியாவில் மைத்துனர் இருந்தார். ஆனால் வளர்ப்பதற்குக்கூடப் பாம்பை உள்ளே விடாத நாடு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே மனிதர் முடிவெடுத்துவிட்டார். வந்து இருபத்தாறு வருடமாகிறது. இப்போதும் ஆக்லாந்தின் வெஸ்ட்கேட் வீட்டுப் பின்வளவில் வெறுங்காலோடு நடப்பதுதான் அவருடைய பெரிய சுகம்.

வேலை எல்லர்ஸ்லியில், ஒரு கம்பனியின் உதவித் தொலைபேசியில். பிரிண்டர் அசையவில்லை, பாஸ்வேர்டு மறந்துபோய்விட்டது என்று கத்துகிறவர்களை அடக்கி வழிக்குக் கொண்டுவருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எந்தப் பிரச்சினைக்கும் முதலில் ஒரு பதிவு எண் கொடுப்பார். பிறகு கடைசியாக ஒழுங்காக வேலை செய்தது எப்போது என்று கேட்பார்.

மகள் பிரணவி பிரிஸ்பேனில் பாலம் கட்டும் பொறியியலாளர். போன ஏப்ரலில் ஒருநாள் அழுதுகொண்டு போன் எடுத்தாள். அழுகிற பிள்ளையில்லை அவள். விசாரித்தால், லைசென்ஸ் எடுத்து ஒரு மலைப்பாம்புக் குட்டி வளர்க்கிறாளாம். பென்சில் தடிப்புத்தான் இருக்குமாம். வந்து ஒன்பது வாரமாக ஒன்றும் தின்னவில்லையாம். சுருண்டு கிடக்கும்போது பார்க்க அப்படியே இருக்கிறது என்று அதற்கு இடியப்பம் என்று பெயர் வைத்திருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து தாய் தமயந்தி இடியப்ப உரலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கேதீஸ்வரன் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பேசினார். பாம்பின் படம் தப்பித்தவறியும் கண்ணில் படக்கூடாது.

"என்ன குடுக்கிறாய், பிள்ளை?"

"ஃப்ரோசன் எலிக்குஞ்சு அப்பா. சூடுதண்ணியில வச்சு, இடுக்கியால பிடிச்சு ஆட்டிக் காட்டுறன். திரும்பியும் பாக்குதில்லை."

வைத்தியர் பொறுத்துப் பார்க்கச் சொன்னாராம். அதற்குமேல் வாயைத் திறந்து திணிக்க வேண்டிவருமாம். தமயந்தி பாலும் முட்டையும் வைத்துப் பார்க்கச் சொன்னாள். பாம்பு பால் குடிக்காது என்று மகள் சொன்னதை அவள் நம்பவில்லை. சரி, எலிதான் என்றாலும் வெள்ளிக்கிழமையில் கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பிரணவிக்கு வேலை இல்லாத நாளே வெள்ளிதான்.

கேதீஸ்வரன் அன்றிரவு சாப்பிடவில்லை. பிள்ளை அழுத குரல் காதைவிட்டுப் போகவில்லை. மறுநாள் வேலையில் தன் கொப்பியில் ஓர் எண் போட்டார். பக்கத்தில் 'இடியப்பம், உணவு ஏற்கவில்லை' என்று எழுதினார். பிறகு பிரணவியிடம், பழைய போன் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வைத்து எந்நேரமும் படம் வரும்படி செய்யச் சொன்னார்.

முதல் இரண்டு நாளும் பெருவிரலால் திரையின் பாதியை மறைத்துக்கொண்டே பார்த்தார். மூன்றாம் நாள் விரல் வலித்தது, எடுத்துவிட்டார். நாலாம் நாள் அலுவலகத்தின் இரண்டாவது திரையில் பாம்பு நிரந்தரமாகக் குடியேறியது. மேலாளர் பெண்மணி வந்து, இது இங்கே சட்டவிரோதமில்லையா என்று கேட்டாள். படத்துக்குச் சட்டம் இல்லை என்றார். அதற்குப்பிறகு தினமும் காலையில், தின்றுவிட்டதா என்று கேட்காமல் அவள் தன் இடத்துக்குப் போனதில்லை.

பகல் முழுக்க அது அசையவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. பொழுதுபட்டதும் பிரணவியின் அறைச் சுவரில், ஏசிக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி வரும். அது வந்தால் பாம்பு தலையை நிமிர்த்தும். பல்லி இடப்பக்கம் போனால் தலையும் இடப்பக்கம் போகும். ஐந்து நாள் பார்த்தார், ஐந்து நாளும் எழுதிவைத்தார். பிறகுதான் மகளை அழைத்தார்.

"பிள்ளை, அதுக்கு எலி எண்டால் என்னெண்டே தெரியாது. அது தேடுறது பல்லியை. எலிக்குப் பல்லி மணம் வரப்பண்ணு."

"பல்லிக்கு நான் எங்க போறது அப்பா?"

"ஏசிக்குப் பின்னால."

அந்த வியாழக்கிழமை மாலை, பாலங்களுக்குக் கையெழுத்து வைக்கிற அந்தப் பெண் கதிரைமேல் ஏறி, அரிசி வடிக்கும் வடிதட்டோடு பல்லி துரத்தினாள். வெஸ்ட்கேட்டிலிருந்து தகப்பன் வழிகாட்டினார். இடப்பக்கம், இன்னும் மேலே, அவசரப்படாதே, மூச்சுவிட்டுக்கொள். பிரிண்டருக்குச் சொல்கிற அதே குரல். நாற்பது நிமிடம் கழித்துப் பல்லி தப்பிவிட்டது. வால் மட்டும் வடிதட்டுக்குள் கிடந்து துடித்தது.

"வால் காணும், அதுவே போதும். எலியில வடிவாத் தேய்," என்றார்.

தேய்த்தாள். இடுக்கியில் பிடித்து நீட்டினாள். வெஸ்ட்கேட்டில் தமயந்தி ஓடிப்போய் அடுப்புக்கு மேலிருந்த மின்விசிறியை நிறுத்தினாள், சத்தம் கேட்டால் பாம்பு பயந்துவிடும் என்று. கேதீஸ்வரன் போனைப் பொத்திக்கொண்டு, இருமவேண்டாம் என்று அவளுக்குச் சைகை காட்டினார். இரண்டு பேரும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நாக்கு ஒருமுறை வெளியே வந்தது. இன்னொருமுறை வந்தது. அடுத்த கணம் எலி இடுக்கியில் இல்லை.

விழுங்கி முடிக்கப் பதினாறு நிமிடம் எடுத்தது. அவ்வளவு நேரமும் கேதீஸ்வரன், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்போலத் தானும் வாயைத் திறந்துகொண்டு நின்றார். "இஞ்சேருங்கோ, வாயை மூடுங்கோ," என்று தமயந்தி சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. மகள் திரையில் சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் உள்ளே போய்க் கொப்பியில் அந்த எண்ணுக்கு நேரே 'தீர்ந்தது' என்று எழுதி, நேரமும் போட்டார்.

செப்டம்பரில் இரண்டு பேரும் பிரிஸ்பேனுக்குப் போனார்கள். முதல்நாள் முழுவதும் அவர் வரவேற்பறையிலேயே இருந்தார். கடைசி நாள் மகளின் கையிலிருந்து இடுக்கியைத் தானே வாங்கிக்கொண்டார். பாம்பு எலியை இழுத்தெடுக்கும்வரை பிடி விடவில்லை.

திரும்பி ஆக்லாந்தில் இறங்கும்போது, முப்பது நாளுக்குள் ஏதாவது விலங்கோடு தொடர்பு உண்டா என்று படிவம் கேட்டது. தமயந்தி தடுக்கத் தடுக்க 'ஆம்' என்று அடையாளமிட்டார். என்ன விலங்கு, எவ்வளவு கிட்ட என்று அதிகாரி கேட்டார். கேதீஸ்வரன் பையைக் கீழே வைத்தார். இரண்டு விரலையும் அகட்டி, "இவ்வளவு கிட்ட," என்று காட்டிவிட்டு, போனை எடுத்துப் படங்களை முதலாவதிலிருந்து காட்டத் தொடங்கினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.