விடச் சொன்ன பாடங்கள்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில் தம்பி வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அம்மா போன பிறகு அவனை வளர்த்து எஞ்சினியராக்கியவள் நான்.

அவன் மகள் டாக்டராக வேண்டும் என்று கல்லூரியில் உயிரியல் எடுத்திருந்தாள். அப்பாவிடம் பயம்; எதுவானாலும் என்னிடம்தான் வருவாள்.

“அத்தை, கெமிஸ்ட்ரில பி வந்துடும் போல. டிராப் பண்ணட்டுமா?”

“நம்ம வீட்ல பி வாங்கினவங்க யாருடி? விட்டுத் தொலை. அப்புறம் எடுத்து ஏ வாங்கு.”

விட்டாள். மறுபடி எடுத்தாள். இப்படி எத்தனையோ பாடங்கள். நானோ, “எங்க பொண்ணுக்கு எல்லாத்துலயும் ஏ தான்” என்று கோயிலில் சொல்லித் திரிந்தேன்.

கோடை விடுமுறையில் டேகேரில் வேலை பார்த்தவளுக்கு மனசு மாறியது. சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகும் படிப்புக்கு மாறுகிறேன் என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. ஒரு பட்டத்துக்கு இத்தனை கிரெடிட், அதாவது பாடக் கணக்கு, என்று இந்த ஊரில் சட்டம் உண்டாம்; அளவு தாண்டினால் வெளி மாநிலத்துப் பிள்ளைகள் கட்டும் பல மடங்கு ஃபீஸாம். பாதியில் விட்ட பாடமும் கணக்கில் சேருமாம்; இனி படிப்பை மாற்றினால் அளவு தாண்டிவிடுமாம்.

“எத்தனை க்ளாஸ் விட்டிருக்கா பாருங்கக்கா! பொறுப்பே இல்ல. மாறவும் வேணாம் ஒண்ணும் வேணாம், பயாலஜியையே முடிக்கட்டும்” என்றான் தம்பி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் என் அறைக்கு வந்தாள்.

“நீங்கதான் விடச் சொன்னீங்கன்னு அப்பாகிட்ட சொல்லுங்க அத்தை. நீங்க சொன்னா ஃபீஸ் கட்டுவாரு. ஐ ஆம் நாட் பிளேமிங் யூ.”

தெரியாத விஷயத்தில் வாயை விட்டேன் என்று, நான் வளர்த்த பிள்ளையிடம் நானே போய்ச் சொல்வதா?

“படிச்சவ நீ. உனக்குத் தெரிய வேணாமா?” என்றேன்.

அவள் கலைந்திருந்த ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

உயிரியலையே முடித்தாள். இப்போது ஹூஸ்டனில் ஏதோ பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், போட்டதைச் சாப்பிடுவாள். வேலை எப்படி என்று கேட்டால், “ஃபைன், அத்தை.”

போன வாரம் வந்திருந்த விருந்தாளியிடம் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: “இவளுக்கு எடுத்ததை முடிக்கத் தெரியாது சார். காலேஜ்ல பாதியைப் பாதியிலயே விட்டவ.”

அவள் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.