நிற்காத ஐந்தாவது பாட்டு

வினோதினி போன செய்தி எனக்கு ஒரு ஸ்டேட்டஸாக வந்தது. மெழுகுவத்திப் படம், கீழே 'எங்கள் ஊர்க் குயில்' என்று எழுத்து. போட்டிருந்தவர் அரியலூரில் கல்யாண மண்டபங்களுக்கு மைக்செட் வைக்கிறவர். போன வருஷம் என் ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டு, "கல்லு வெட்டுற ஊர்லேர்ந்து ஆல்பம் போட வந்துட்டாங்கப்பா" என்று அவள் காதுபடச் சிரித்தவர் அவர்தான். அவள் ஸ்கூட்டிமேல் கல் லாரி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் குயிலாகிவிட்டாள். நம் ஊரில் நல்ல பேர் வாங்க முதலில் சாக வேண்டும் போலிருக்கிறது.

அவரை மட்டும் சொல்லி என்ன? என் கதையையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் என்னைத்தான் 'வினோதினியோட ஆல்பத்தை ரெக்கார்டிங் பண்ணினவர்' என்று கைகொடுத்துத் துக்கம் விசாரித்தீர்கள்.

இருபத்து மூன்று வயசு. பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையில் வேலை. லீவு நாளில் பஸ் பிடித்து அரியலூருக்கு வந்து, தானே எழுதி மெட்டுப் போட்ட ஆறு பாட்டையும் என்னிடம் பாடிப் பதிவு செய்தாள். சரியில்லை என்று நான் சொல்வதற்கு முன்பே, "அண்ணே, இன்னொரு டேக் போயிடலாம்" என்பாள்.

அவள் ஊர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டி இருக்கிறது. மதியம் சங்கு ஊதினால் வெடி வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், சாப்பிடுகிறவர்கள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெடி கேட்ட பிறகுதான் மறுபடி எல்லாம். ஐந்தாவது பாட்டு வெறும் குரலும் என் கிடாரும். நடுவில் தூரத்துச் சங்கு கேட்டது. ஒரு வரியின் பாதியில் அவள் நின்றாள். நானும் இந்தப் பக்கத்துக்காரன், என் கையும் தானாக நின்றது. வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தாள்.

திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன். முதல் தடவையாக வேண்டாம் என்றாள். "இருக்கட்டும்ணே. ஊரே நிக்கிற நேரத்துல நான் மட்டும் பாடிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

சரிம்மா என்றேன். ஆல்பத்தை வெளியிட்ட சென்னைக்காரர் போனில், "நடுவுல கொஞ்ச நேரம் சத்தமே இல்லியே சார், நெட்டு போச்சுன்னு அடுத்த பாட்டுக்குப் போயிடுவாங்க" என்றார். அவருக்கும் சரி என்றேன். அந்த இடத்தை வெடியோடு சேர்த்து வெட்டி, இரண்டு பக்கத்தையும் ஒட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதோடு விட்டேனா? ஒரு கல்யாண வீடியோவுக்குக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, அவள் பாடிய அசல் பதிவுகளையும் அழித்தேன். பாட்டு வெளியான அன்று போன் பண்ணி, "சுத்தமா இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மடையன் நான்.

போன வாரம் அவள் வீட்டு வாசலில் படத்திறப்பு. மைக்செட் அதே ஆளுடையதுதான். ஆறு பாட்டையும் வரிசையாகப் போட்டார். ஐந்தாவது பாட்டு பாதியில் இருந்தபோது சங்கு ஊதியது. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பந்தலில் சாம்பார் ஊற்றியவர் வாளியைக் கீழே வைத்தார். அழுதுகொண்டிருந்த அவள் அம்மாகூட நிறுத்தினார். ஊரே நின்றது. ஸ்பீக்கர் பாக்ஸில் வினோதினி மட்டும் பாடிக்கொண்டே இருந்தாள்.

வெடி கேட்டதும் அவள் அம்மா என்னைப் பார்த்து, "அவ நிப்பாளே தம்பி" என்றார்.

அவளுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது என் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஐந்தாவது பாட்டு ரெக்கார்டிங் முடிந்து பஸ்ஸில் போகும்போது அனுப்பியது. "அண்ணே, அந்த வெடிய மட்டும் எடுத்துடாதீங்க. எங்கம்மா கேக்கணும்."